தினமும் கட்டுவதா, மூன்று நாளைக்கு ஒருமுறையா? கால் புண்ணுக்குக் கட்டு வாங்கும் முன் ஒரு கணக்கு

திருகோணமலைப் பக்கம் ஒருவருக்குக் காலில் ஆறாத புண் என்றால் வீட்டுக்கு இரண்டு செலவு. ஒன்று மருந்துக் கட்டின் விலை. மற்றது அந்தக் கட்டை மாற்றப் போய்வருகிற செலவு. முதலாவதற்கு எங்கள் பாமசியில் விலை கேட்டுவிட்டு, இன்னும் மலிவாக இருக்குமா என்று அடுத்த பாமசிக்கும் ஏறி இறங்குகிறார்கள். இரண்டாவதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஓட்டோக் காசு, கூட வருகிற மகனின் அன்றைய சம்பளம், வெயிலில் காத்திருக்கிற மினக்கேடு எல்லாம் அதற்குள்தான் வரும்.

மெதுமெதுவாகக் கிருமிநாசினியை விடுகிற கட்டுகள் இப்போது பலர் காதிலும் விழுந்திருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் போனில் படம் அனுப்பி, “இதை வாங்கிக் கட்டுங்கோ” என்கிறார்கள். வாங்கலாமா என்பதற்கு ஒரே பதில் இல்லை. புண் எவ்வளவு நனைகிறது, கட்டை மாற்றுகிறவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்ற இரண்டும் தெரியாமல் நான் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை. எதைக் கட்டுவது என்ற கடைசிச் சொல் டொக்டருடையதும் மருந்து கட்டுகிற மிசியுடையதும்தான். அவர்களிடம் கேட்கும்போது என்ன கேட்பது என்று தெரிந்திருக்கத்தான் இது.

முதலில் இந்தக் கட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நமக்குப் பழக்கமான முறை, 10 சதவீத பொவிடோன் அயடின் கரைசலைப் புண்ணில் ஊற்றி கோஸ் வைத்துக் கட்டுவது. ஊற்றியவுடன் மருந்தின் வீரியம் அதிகம். கிருமியோடு சேர்த்து, புதிதாக வளர்கிற நம் உயிரணுக்களையும் அது பதம் பார்க்கும். சில மணி நேரம் போனால் நிலைமை தலைகீழ். இரத்தமும் சீழும் அயடினைச் செயலிழக்கச் செய்துவிடும், கட்டுக்குள் நிறம் மட்டும் மிஞ்சும். மெதுவாக விடுகிற கட்டு இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கப் பார்க்கிறது. சேலைன் போத்தலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவது போல, மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வரவேண்டும்.

அந்தச் சொட்டைக் கட்டுப்படுத்துவது இயற்கைப் பல்பகுதியங்கள், அதாவது சங்கிலி போல நீளமாகப் பிணைந்த மூலக்கூறுகள் (பொலிமர்). பழுப்புக் கடற்பாசியிலிருந்து அல்ஜினேற், இறால் நண்டுக் கோதிலிருந்து கைட்டோசான், மாப்பொருளை மாற்றியமைத்துச் செய்யும் கடெக்சோமர். இவை உலர்ந்திருக்கும்போது மருந்தைப் பிடித்து வைத்திருக்கும். புண்ணின் நீர் பட்டதும் ஊதிக் களியாகி, மருந்தை வெளியே விடும். அதோடு நீரையும் உள்ளே இழுத்து, புண்ணை ஈரப்பதமாக வைத்திருக்கும். புண் காற்றோட்டமாகக் காய்ந்தால்தான் ஆறும் என்பது நம் வீடுகளில் இன்னும் பலமான நம்பிக்கை. 1962 இல் ஜோர்ஜ் வின்டர் பன்றித் தோலில் செய்த ஆய்வில், மூடி ஈரமாக வைத்த காயம் காயவிட்ட காயத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகத் தோல் மூடியது. அறுபது வருசம் கழிந்தும் அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு முழுதாக வந்து சேரவில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மருந்தை வெளியே எடுப்பது புண்ணின் நீர்தான். நீர் வடியாத புண்ணில் இந்தக் கட்டைப் போட்டால் அது சும்மா கிடக்கும், சில வேளை புண்ணை இன்னும் காயவைக்கும். கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி வந்தார். “வாப்பாட காலுக்கு இதவிட நல்ல சாமான் ஏதும் இருக்கா அண்ணன்?” கட்டை அவிழ்க்கும்போது கோஸ் நனைந்திருக்கிறதா, காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று கேட்டேன். “ஒட்டித்தான் இரிக்கி. தண்ணி ஊத்தி ஊத்தித்தான் கழட்டுற. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ரத்தம் வரும்.” அவருக்கு விலை கூடிய எதுவும் தேவைப்படவில்லை. தினமும் புதுத் தோலைக் கோஸோடு பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பரபின் என்ற மெழுகுப்பசை தடவிய, ஒட்டாத சாதாரண வலை ஒன்றை அடியில் வைத்து மேலே கோஸ் கட்டலாமா என்று மிசியிடம் கேட்கச் சொல்லி அனுப்பினேன்.

சரி, சாமான்களுக்கு வருவோம்.

சேலைனில் கழுவி கோஸ் கட்டுவது எல்லாவற்றுக்கும் அடிப்படை. மலிவு, எங்கும் கிடைக்கும், அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். தினமும் அவிழ்ப்பதால் புண்ணைத் தினமும் பார்க்கவும் முடிகிறது. புண் மோசமாகிக்கொண்டிருந்தால் அது சின்ன நன்மை இல்லை. குறை என்னவென்றால் ஒட்டும், தினமும் ஆள் வேண்டும், நிறைய வடிகிற புண்ணுக்கு ஒரு நாளைக்கே போதாது.

அடுத்தது மருந்து தோய்த்த வலைகள். பக்டிகிராஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்தது, 0.5 சதவீத குளோர்ஹெக்சிடின் கலந்த மென் பரபின் தடவிய பருத்தி வலை. ஒட்டாது, அதுதான் அதன் பெரிய நன்மை. ஆனால் பரபின் எண்ணெய்ப் பசை, நீரோடு கலக்காது. அதனால் உள்ளே இருக்கிற மருந்து புண்ணுக்குள் அதிகம் இறங்காது. அதை மெதுவாக மருந்து விடும் கட்டு என்று நினைத்து வாங்காதீர்கள், ஒட்டாத வலை என்று நினைத்து வாங்குங்கள். இனடின் போன்ற அயடின் வலை வேறு வகை. அதன் அடிப்பசை நீரில் கரையும், ஆகவே அயடின் உண்மையிலேயே வெளியே வரும். செம்மஞ்சள் நிறம் வெளுத்துப் போனால் மருந்து முடிந்தது, மாற்று என்று அர்த்தம். நிறைய வடிகிற புண்ணில் அது சீக்கிரமே வெளுத்துவிடும். மேலோட்டமான உராய்வுக் காயத்துக்கும் சின்னத் தீப்புண்ணுக்கும் பொருத்தமாக இருக்கும். ஆழமான, சீழ் கோத்த குழிப்புண்ணுக்கு அது பாரம் தாங்காது.

கடெக்சோமர் அயடின்தான் இந்தக் கூட்டத்தில் மெதுவாக விடுதல் என்ற சொல்லுக்கு உண்மையாக நடப்பது. மாப்பொருளில் செய்த நுண்மணிகளுக்குள் 0.9 சதவீத அயடின் பிடிபட்டிருக்கும். தூளாகவும் களிம்பாகவும் களிம்பு தடவிய துண்டாகவும் வரும். ஒரு கிராம் மணி சுமார் 6 மில்லிலீற்றர் நீரை உறிஞ்சும். உறிஞ்சி ஊதும்போதுதான் அயடின் வெளியே போகும். மஞ்சள் படலம் படிந்து, நாற்றத்தோடு வடிந்துகொண்டிருக்கிற புண்ணில் வைத்தால் அந்தப் படலத்தையும் சேர்த்து இளக்கி எடுக்கும். வைத்தபோது கடும் மண்ணிறம். இரண்டு மூன்று நாளில் திறந்தால் வெளிறிய பசையாக இருக்கும். சேலைன் ஊற்றினால் வழுகிக்கொண்டு வந்துவிடும், பிய்க்க வேண்டியதில்லை. முதல் ஒரு மணி நேரம் எரியலாம், அதை முன்பே சொல்லி வைக்காவிட்டால் ஐயா பாதி ராத்திரியில் அவிழ்த்து எறிந்துவிடுவார்.

கால் நாளப் புண்களை, அதாவது நரம்பு புடைத்து நீர் ஊறிய கால்களில் வருகிற புண்களை, ஆராய்ந்த சோதனைகளை எல்லாம் கூட்டிப் பார்த்து கொக்ரேன் குழு 2014 இல் ஒரு முடிவு வெளியிட்டது. கடெக்சோமர் அயடினுக்கு ஓரளவு சாதகமான சான்று இருக்கிறது. வெள்ளிக் கட்டுகளையும் தேனையும் வழக்கமாகப் பயன்படுத்தச் சான்று போதாது என்பது அதன் சாரம். ஓரளவு என்ற சொல்லைக் கவனியுங்கள்.

அயடின் உடம்புக்குள்ளும் போகும் என்பதை மறக்கக்கூடாது. தைரொயிட் வருத்தம் உள்ளவர்கள், அயடின் ஒவ்வாதவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார், சின்னப் பிள்ளைகள், லித்தியம் குளிசை எடுப்பவர்கள் ஆகியோருக்கு இது வேண்டாம். சிறுநீரக வருத்தக்காரர்கள் டொக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. எங்கள் மாவட்டத்திலேயே பதவிசிறிபுரப் பக்கம் சிறுநீரக வருத்தம் பரவலாக இருக்கிற இடம், ஆகவே இது வெறும் ஏட்டு எச்சரிக்கை இல்லை. ஒரு தடவைக்கு 50 கிராம், ஒரு கிழமைக்கு 150 கிராம், ஒரு தொடர்ச்சிக்கு 3 மாதம் என்று உச்ச அளவும் வைத்திருக்கிறார்கள்.

அல்ஜினேற் கட்டு கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி. புண் நீரில் இருக்கிற சோடியத்தோடு தன் கல்சியத்தை மாற்றிக்கொண்டு களியாகிவிடும். அந்தக் கல்சியம் சின்ன இரத்தக் கசிவையும் நிறுத்த உதவும். வெள்ளி சேர்த்தும் வருகிறது, சேர்க்காமலும் வருகிறது. குழிப்புண்ணுக்குள் மெதுவாக நிரப்பி வைக்கலாம், திணிக்கக்கூடாது. காய்ந்த புண்ணில் வைத்தால் நார் ஒட்டிக்கொண்டு பெரிய கரைச்சல். கைட்டோசான் இரத்தத்தை உறையவைப்பதில் கெட்டிக்காரன். அமெரிக்க இராணுவத்தினர் போர்க்காயங்களுக்கு எடுத்துப்போனது அதனால்தான். ஆறாத புண்ணுக்குக் கிருமிநாசினியோடு சேர்த்த கைட்டோசான் பூச்சுகள் ஆய்வுக்கூடங்களில் நிறைய வருகின்றன. இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. கொட்டியாரக் குடாவில் பிடிக்கிற இறாலின் கோது குப்பைக்குப் போக, அதே கோதில் செய்த கட்டுக்கு நாங்கள் கப்பலில் காசு அனுப்புவது என் தனிப்பட்ட வயிற்றெரிச்சல், அதை விடுவோம்.

வெள்ளிக் கிறீம் (சில்வர் சல்பாடயசின்) தீப்புண்ணுக்குப் பழசு. தினமும் தடவ வேண்டும், சல்பா ஒவ்வாதவர்களுக்கு ஆகாது. வெள்ளிக் கட்டுகளில் சிலதைச் சேலைனில் நனைக்கக்கூடாது, சுத்திகரித்த நீரில்தான் நனைக்க வேண்டும். சேலைன் உப்போடு வெள்ளி சேர்ந்து வீணாகும். தேன் என்றால் கதிர்வீச்சில் சுத்திகரித்த மருத்துவத் தேன் மட்டும். சந்தையில் போத்தலில் விற்கிற தேனில் கிருமி வித்துகள் இருக்கக்கூடும்.

பெட்டியில் “72 மணி நேரம் மருந்து விடும்” என்று அச்சடித்திருந்தால் அப்படியே விழுங்காதீர்கள். அந்த அளவீடு பெரும்பாலும் உப்புக்கரைசலில் எடுத்தது. சீழும் இரத்தமும் சேர்ந்த புண்ணில் அதே மருந்து அதற்கு முன்பே செயலிழக்கலாம். போதாததற்கு, இப்படியான பூச்சுகள் பலவற்றில் மருந்தின் பெரும்பங்கு முதல் சில மணி நேரத்திலேயே கொட்டிவிடும். மிச்சம்தான் மெதுவாக வரும்.

இப்போது காசுக் கணக்கு. விலை நாளுக்கு நாள் மாறுவதால் இவை உண்மை விலை இல்லை, கணக்குக்காக வைத்துக்கொள்கிற எண்கள். கோஸ் கட்டு ஒரு தடவைக்கு 100 ரூபா, மெதுவாக விடும் கட்டு 500 ரூபா என்று வையுங்கள். தினமும் கோஸ் கட்டினால் கிழமைக்கு 700. மற்றதைக் கிழமையில் மூன்று தடவை மாற்றினால் 1500. கடையில் நிற்கும்போது கோஸ்தான் மலிவு. ஆனால் நான்கு பயணம் மிச்சம். வித்தியாசம் 800, அதை நான்கால் பிரித்தால் 200. போய்வர 200 ரூபாவுக்கு மேல் ஆகிறவருக்கு விலை கூடிய கட்டே மலிவாகிவிடும். ஆஸ்பத்திரியில் கோஸ் இலவசமாகக் கட்டுகிறார்கள் என்றால் 1500 ஐ நான்கால் பிரியுங்கள், 375. உங்கள் உண்மை விலையைப் போட்டு வீட்டில் நீங்களே பார்க்கலாம்.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பாதைப் படகுக்காகக் காத்துக் கிடக்கிற காலம் போய்விட்டது. கிண்ணியா, மூதூர், கந்தளாய் எல்லாவற்றிலும் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அவற்றுக்குப் பக்கத்தில் இருப்பவர்களும், உப்புவெளி, பாலையூற்று என்று நகரத்தை ஒட்டி இருப்பவர்களும், வீட்டிலேயே கட்டத் தெரிந்த மகளோ மருமகளோ உள்ளவர்களும் தினசரிக் கோஸோடு நன்றாகவே சமாளிக்கலாம். சம்பூரின் உள்பகுதி, வெருகல், குச்சவெளிக்கு அப்பால் என்று இருப்பவர்களுக்குக் கணக்கு மறுபக்கம் சாயும். மாரி மழை பிடித்தால் இன்னும் சாயும். நனைந்த கட்டோடு பஸ் ஏறி வீடு போய்ச் சேருவதற்குள் தினசரிக் கட்டின் நன்மை எல்லாம் போய்விடும்.

ஆனால் பலர் தவறவிடுகிற ஒன்று இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. அந்த இரண்டு மூன்று நாளை வாங்கித் தருவது பல்பகுதியம், கிருமிநாசினி இல்லை. நீரை உறிஞ்சிப் பிடித்து வைப்பதால்தான் கட்டு மூன்று நாள் தாங்குகிறது. வெள்ளியோ அயடினோ சேர்க்காத சாதாரண அல்ஜினேற்றும், நுரைக் கட்டும் அதே நாட்களைத் தரும். ஆகவே நாட்கள் மட்டும் வேண்டுமானால் மருந்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

சீனி வருத்தக்காரர்களுக்கு இது முக்கியம், எங்களிடம் வருகிற கால் புண்ணில் பெரும்பாலானவை அவர்களுடையவை. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழு 2023 இல் வெளியிட்ட வழிகாட்டல், நீரிழிவுக் கால் புண் ஆறுவதற்காகக் கிருமிநாசினிக் கட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. வெள்ளிக்கும் அயடினுக்கும் தேனுக்கும் அதே பேச்சுத்தான். அது முன்னுக்கு வைப்பது பாரம் குறைத்தலை. உள்ளங்காலில் புண் உள்ளவர் அந்த இடத்தில் மிதிக்காமல் இருக்க வேண்டும். அதற்கு முழங்கால் வரை வருகிற, கழற்ற முடியாத கட்டுறையைத்தான் முதலில் சொல்கிறது. கழற்ற முடியாதது ஏன் என்றால், கழற்ற முடிந்தால் நாங்கள் கழற்றிவிடுவோம். கோயிலுக்குள் செருப்போடு போக முடியுமா, கரைவலை இழுக்கச் சப்பாத்தோடு இறங்க முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உணர்ச்சி செத்த பாதத்துக்கு மத்தியான வெயிலில் கோயில் வீதி மணல் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். புண்ணோடு கடல் நீரிலும் வயல் சேற்றிலும் இறங்குவது சீனி உள்ளவருக்கு இன்னும் ஆபத்து. உவர்நீரில் விப்ரியோ, சேற்றில் மெலியோய்டோசிஸ் கிருமி என்று இரண்டுமே உயிருக்கு உலை வைக்கக்கூடியவை.

அப்படியானால் கிருமிநாசினிக் கட்டு யாருக்கு? என் கணிப்பில், சீனிக் கால் இல்லாத, நன்றாக வடிகிற, படலம் படிந்து நாறுகிற, ஆறுவது நின்றுபோன புண்ணுக்கு. தைரொயிட்டும் சிறுநீரகமும் சரியாக இருந்தால் கடெக்சோமர் முதலில். அயடின் ஆகாதவருக்கு வெள்ளி சேர்த்த அல்ஜினேற். எதுவானாலும் இரண்டு கிழமை வைத்துப் பார்ப்பது. வெள்ளிக் கட்டுகள் பற்றி 2012 இல் வந்த சர்வதேச ஒருமித்த கருத்தும் அந்த இரண்டு கிழமை அளவைத்தான் சொன்னது. மாற்றம் தெரிந்து புண் சுத்தமாகிவிட்டால் சாதாரணக் கட்டுக்கு மாறுங்கள். மாற்றமே இல்லையென்றால் கட்டில் கோளாறு இல்லை, இரத்த ஓட்டத்திலோ எலும்பிலோ வேறு கோளாறு இருக்கலாம், அதைத் தேட வேண்டும். சுத்தமான, சிவந்த சதை தெரிகிற புண்ணுக்குக் கிருமிநாசினி எதுவும் வேண்டாம்.

சிவப்பு புண்ணைச் சுற்றிப் பரவுவது, காய்ச்சல் நடுக்கம், விரல் கறுப்பது, எலும்பு தெரிவது, திடீரென்று நாற்றம் கூடுவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் எந்தக் கட்டு என்ற பேச்சே வேண்டாம். பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், வண்டி இல்லாவிட்டால் 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அந்த நிலையில் கட்டு மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விரலைத் தாண்டிக் காலையே கொடுத்ததை இங்கே எல்லாரும் ஏதோ ஒரு வீட்டில் பார்த்திருக்கிறோம்.

வாங்குவது என்று முடிவானால் முழுப் பெட்டி வாங்காதீர்கள். இரண்டு துண்டு போதும். புண் ஒரு கிழமைக்குள் நிறையவே மாறும், இன்று வடிவது அடுத்த கிழமை காயத் தொடங்கலாம். உறை கிழித்த துண்டை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது. உறையில் காலாவதித் திகதியையும், சுத்திகரித்தது என்ற அடையாளத்தையும் வடிவாகப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து பொதியில் வருகிறவற்றைப் பொறுத்தவரை, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவான சாமானா என்று பாமசியில் கேட்கலாம், கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். மேலே ஒட்டுகிற பிளாஸ்டரில் மிச்சம் பிடிக்கலாம்: எங்கள் வெயிலில் வியர்வைக்கு எந்த ஒட்டும் அரை நாள்தான் தாங்கும், அதனால் ஒட்டு விளிம்பு இல்லாத துண்டை வாங்கி மேலே சாதாரண பண்டேஜைச் சுற்றுங்கள். குளிக்கும்போது ஷொப்பிங் பையைக் காலில் கட்டுவதென்றால் மேல் விளிம்பை இறுக்கிக் கட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடாமல், காலை ஒரு கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு குளிக்கச் சொல்லுங்கள்.